கடிகாரத்துக்கு ஒரு நேர்த்திக்கடன்

உடையப்பன் செய்த குதிரை வாகனத்துக்கு ஒரு முறை கொள்ளு வைத்துவிட்டார்கள். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு கோவிலில் நடந்தது. வாகனத்தை இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அந்த வழியாக வந்த பெரியவர் ஒருவர், குதிரை இப்படி வெயிலில் நிற்கிறதே என்று மனம் பொறுக்காமல் வாளியில் கொள்ளும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் கொள்ளில் பாதியைக் காணோம். ஆடு தின்றிருக்கும் என்று உடையப்பன் அடக்கமாகத்தான் சொல்வார். அன்றைக்கு ஊர் ஆடுகள் அத்தனையும் மேய்ச்சலுக்குப் போயிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்ட கை. காளை, மயில், யானை, அன்னம் என்று சாமி ஏறி உட்காரும் எதையும் அந்தக் கை மரத்தில் செய்துவிடும். நெடுங்குளப்பட்டியில் அவர் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்குள் எப்போது எட்டிப் பார்த்தாலும் ஏதாவது ஒரு மிருகம் பாதி உடம்போடு நின்றுகொண்டிருக்கும். அந்தக் கையால் அவர் ஒரு கடிகாரம் செய்ய வேண்டிவந்ததற்குக் காரணம் அவருடைய மனைவி செவந்தி. செவந்திக்குக் காரணம் ஒரு பலாக்கிளை.

செவந்தி கல்யாணமாகி வந்தபோது, கீரமங்கலத்துப் பிறந்த வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு பலாக்கன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவள். கண்டக்டர் அவள் மடியிலிருந்ததைக் கைக்குழந்தை என்று நினைத்து ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தாராம். அந்தக் கன்றுதான் இப்போது கொல்லையில் கூரைக்கு மேலே எழும்பி நிற்கும் மரம். அதில் ஒரு பழத்தை வெட்டினால், கட்டுமாவடியிலிருந்து பைக்கில் மீன் கொண்டுவருகிறவர் ஊர் எல்லையிலேயே வண்டியைத் திருப்பிவிடுவார். வந்தும் பயனில்லை, பலா வாசனையில் மீன் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது.

ஆனி மாதத்தில் ஒரு கோவிலுக்குக் குதிரை செய்ய ஒப்புக்கொண்டிருந்தார் உடையப்பன். கால் முடிந்தது, உடம்பு முடிந்தது, கழுத்துக்கு வளைந்த மரம் அமையவில்லை. கொல்லைப் பலாவில் தெற்கே போன கிளை ஒன்று, குதிரை தலையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் வளைந்திருந்தது. அதை அவர் நெடுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பதைச் செவந்தியும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் ரேஷன் கடைக்குப் போன சமயம், மாதா கோவில் மணி பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது. ரம்பத்தின் சத்தம் மணிச் சத்தத்தோடு போய்விடும் என்று கணக்குப் போட்டு உடையப்பன் அறுக்கத் தொடங்கினார். பன்னிரண்டாவது அடிக்குக் கிளை தரையில் கிடந்தது. அதில் அந்த வருஷத்தின் கடைசிப் பழமும் இருந்தது.

செவந்தி வந்தாள், பார்த்தாள். அதன் பிறகு மூன்று மணி நேரம் அந்த வீட்டில் சண்டை நடந்தது. அவள் பேசியது கொஞ்சம்தான், மீதியைப் பாத்திரங்கள் பேசின. கடைசியில் ஒரு பையில் ரெண்டு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்.

"கோவில் மணி நாலு அடிக்கிற வரைக்கும் ஒங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்."

அப்போது மணி நாலாகப் போகிறது. நன்றாக யோசித்த கோபம் அது. ரெண்டு தெரு தள்ளி அவள் தம்பி ராசுவின் வீடு. போய்த் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டு, நாலு அடித்ததும் கிளம்பினால் சாயங்காலக் காபிக்குச் சரியாக இருக்கும். உடையப்பனும் அதைப் புரிந்துகொண்டு, அவள் வருவதற்கு முன்னால் பாலைக் காய்ச்சி வைத்துவிட்டால் பாதிக் கோபம் இறங்கும் என்று அடுப்பைப் பற்றவைத்தார். பால் பொங்கியது. வழிந்தது. அடியும் பிடித்தது. நாலு மட்டும் அடிக்கவில்லை. வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். கோபுரத்தில் முள் நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே நின்றுபோயிருந்தது.

நெடுங்குளப்பட்டி மாதா கோவில் கடிகாரம் வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கப்பலில் கொண்டுவந்தது என்பார்கள். மணி அடிப்பதற்கு முன்னால் அது ஒரு முறை தொண்டையைக் கனைத்துக்கொள்ளும். கர்ரென்று ஒரு சத்தம், பிறகுதான் அடி. அந்தக் கனைப்புக்கு ஊர் மாடுகள் தலையைத் தூக்கும். மாதாவைக் கும்பிடுகிறவர்களும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் அதைக் கேட்டுத்தான் உலை வைத்தார்கள். இப்போது எல்லார் பையிலும் செல்போன் இருக்கிறது. இருந்தாலும் செல்போன் காட்டுவது அவரவர் மணி, கோபுரத்தில் அடிப்பதுதான் ஊர் மணி என்று ஊரில் ஒரு எண்ணம். அந்த ஊர் மணிதான் நின்றது. உள்ளே பெரிய சக்கரத்தில் பல் ரெண்டு முறிந்து, சக்கரம் முன்னுக்குப் போக முடியாமல் சிக்கிக்கொண்டதாகக் கோவில்பிள்ளை ஞானமணி சொன்னார். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதும் பூசைக்குக் கயிற்றை இழுத்து மணி அடிப்பதும் அவர் வேலை.

வேறு ஒருத்தியாக இருந்தால் செல்போனில் நாலு மணி பார்த்துவிட்டு வந்திருப்பாள். செவந்தி அப்படி இல்லை. மழை பெய்கிற வரைக்கும் காபி குடிக்க மாட்டேன் என்று ஒரு வருஷம் தை மாதத்தில் சொல்லிவிட்டாள். எதற்குச் சொன்னாள் என்பது இப்போது யாருக்கும் நினைவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வருஷம் மழை மாசியிலேயே வந்தது.

ராசுவின் வீட்டில் அவள் தங்கிவிட்டாள். ஆனால் சமையல் நிற்கவில்லை. தினம் மத்தியானம் தூக்குவாளியில் சோறும் குழம்பும் ராசுவின் கையில் வந்துவிடும். குழம்பு வந்தது, செவந்தி வரவில்லை. அவளுக்கு அந்தக் கிளையின் ஞாபகம் வந்த நாட்களில் குழம்பில் உப்பு இருக்காது. உடையப்பன் சாப்பிட்டுப் பார்த்து அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வார். மஸ்கட்டிலிருந்து மகன் கோபிநாத் வீடியோவில் கூப்பிட்டு அம்மா எங்கே என்று கேட்டால் கொல்லையில் இருக்கிறாள் என்பார். செவந்தியிடம் அப்பா எங்கே என்று கேட்டால் கொட்டகையில் என்பாள். ரெண்டு பேருக்கும் பின்னால் வேறு வேறு சுவர் தெரிவதை அவன் கவனித்தானோ என்னவோ, கேட்கவில்லை.

ஆடி பிறந்ததும் உடையப்பன் ஞானமணியிடம் போய்ச் சங்கதியைச் சொன்னார். ரெண்டு பேரும் ஒரே வயது, ஒன்றாகக் கம்மாயில் நீச்சல் பழகியவர்கள். ஞானமணி இரக்கப்பட்டு, ஒருநாள் சாயங்காலம் சரியாக நாலு மணிக்குக் கயிற்றைப் பிடித்துக் கையாலேயே நாலு அடி அடித்தார். அடிப்பதற்கு முன்னால் கர்ரென்று தொண்டையையும் கனைத்துக்கொண்டார். உடையப்பன் சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். ராசுதான் வந்தான். அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொல்லி அனுப்பினாளாம்.

"ஞானமணி அண்ணனுக்கு மூணாவது அடிக்கே மூச்சு வாங்குதாம். சுகரு மாத்திரைய ஒழுங்காப் போடச் சொல்லுச்சு மச்சான்."

இதற்கிடையில் பங்குச் சாமியார் எழிலரசன் திருச்சியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் மேலே ஏறிக் கடிகாரத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, இந்தச் சக்கரம் இப்போது உலகத்திலேயே யாரும் வார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சாமியார் இளவயதுக்காரர், நல்லவர். வேறு வழி யோசித்தார். ஆவணியில் மாதா திருவிழா. அது முடிந்த மறுநாளே பழைய கடிகாரத்தைக் கழற்றி இறக்கிவிட்டு, சிவப்பு எழுத்து மின்னும் எலக்ட்ரிக் கடிகாரத்தை மாட்டிவிடுவது என்று முடிவானது. அது மணி அடிக்காது. மணிக்கு ஒரு பாட்டுப் பாடும்.

இதைக் கேட்ட அன்றைக்கு உடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. குழம்பில் உப்பு இருந்தும் இறங்கவில்லை. பழைய கடிகாரம் இறங்கிவிட்டால் இனி எந்தக் காலத்திலும் நாலு அடிக்காது. அடிக்காவிட்டால் செவந்தி வரமாட்டாள். மிச்ச ஆயுளுக்கும் தூக்குவாளிதான். நேராகக் கோவிலுக்குப் போனார். போனவர் மாதா சுரூபத்துக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றார். நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவந்து வைத்த சாமான்கள் உள்ளே அடுக்கியிருந்தன. கண்ணுக்கு வெள்ளியில் கண், காலுக்குக் கால், பிள்ளை வரத்துக்குத் தொட்டில், வீடு கட்டியவர் வைத்த வீடு. சவூதி விசாவுக்காக ஒருவர் வைத்த சின்ன விமானம்கூட இருந்தது. எதற்கு நோவோ அதைச் செய்து வைப்பதுதானே முறை. மாரியம்மனிடமும் அதுதான், மாதாவிடமும் அதுதான். அவர் அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கடிகாரம் இல்லை.

சாமியாரிடம் போய், கோபுரத்துக் கடிகாரத்துக்கு நான் ஒரு கடிகாரம் நேர்ந்திருக்கிறேன் என்றார். சாமியார் பொறுமையாக விளக்கினார். மனுஷனுக்கு நோவு வந்தால் நேர்ந்துகொள்ளலாம், ஆடு மாட்டுக்குக்கூடச் சரி, இரும்புக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றார்.

"மாதாகிட்டக் கேட்டுப் பாத்தீங்களா சாமி?" என்றார் உடையப்பன்.

சாமியார் கேட்டுப் பார்த்ததில்லை. அதனால் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் ஞானமணியோடு கோபுரத்தில் ஏறினார் உடையப்பன். புறா எச்சத்துக்கும் எண்ணெய்க் கறைக்கும் நடுவே, கட்டில் அளவு இரும்புச் சட்டத்துக்குள் கடிகாரம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதன் முகம் வெளியே ஊரைப் பார்த்திருந்தது. உடையப்பன் அதன் முதுகுப் பக்கம் காலை மடக்கி உட்கார்ந்தார். வாகனம் செய்கிறவர்களுக்கு அதுதான் பழக்கம். எதை அளந்தாலும் சாமி உட்காரும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். சாமிக்கு எது வலதோ அதுவே வாகனத்துக்கு வலது. எதிரே நின்று பார்க்கிறவனுக்கு எது வலது என்று யாரும் கேட்பதில்லை. அப்படியே பின்னாலிருந்து ஒவ்வொரு சக்கரத்தையும் பார்த்து வரைந்துகொண்டார். பல் எத்தனை, அச்சு எங்கே, ஆடும் குண்டு எங்கே என்று எல்லாம் கேட்டுக் குறித்தார். பெரிய உருளையில் சுற்றியிருந்த கயிற்றின் நுனியில் ஒரு பாரக்கல் தொங்கியது. அந்தக் கல் இறங்க இறங்கத்தான் சக்கரம் சுற்றும் என்று ஞானமணி சொன்னார். கயிறு உடையப்பனுக்கு வலப்பக்கமாக இறங்கியது. வலம் என்று எழுதிக்கொண்டார்.

அளவுக்கு அவர் வைத்த கணக்கு, முழத்துக்குச் சாண். நிஜத்தில் ஒரு முழம் இருந்தால் மாதிரியில் ஒரு சாண். கோபுரம் முழுவதையும் அந்தக் கணக்கில் செய்தால் கொட்டகையின் தகரத்தைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்பதால் கடிகாரம் இருக்கும் மேல்நிலையை மட்டும், சிலுவையோடு, செய்வதென்று வைத்துக்கொண்டார்.

மரத்துக்கு அவர் அலையவில்லை. குதிரைக் கழுத்துக்கென்று அறுத்த கிளை உளி படாமல் மூலையில் சாய்ந்திருந்தது. அன்றிலிருந்து அதைத் தொட அவருக்குக் கை வரவில்லை. இப்போது எடுத்தார். குதிரை கழுத்தில்லாமல் ஒரு ஓரத்துக்குப் போயிற்று. பலாக்கட்டையின் மஞ்சளைப் பார்த்தால் மஞ்சள் பூசிக் குளித்தவளின் கன்னம் மாதிரி இருந்தது. பலகையாக அறுத்து, வட்டம் கீறி, வட்டத்தில் பல் கீறி, ஒவ்வொரு பல்லாக வெட்டினார். மயிலுக்குத் தோகை வெட்டியவருக்குச் சக்கரத்தின் பல் பெரிய காரியமில்லை. ஆனால் மயிலில் ஒரு இறகு கோணினால் அது அழகு, இதில் ஒரு பல் கோணினால் மற்ற எல்லாப் பற்களும் வேலைநிறுத்தம் செய்தன. நாலு சக்கரத்தைச் செய்து அடுப்புக்குக் கொடுத்த பிறகுதான் முதல் சக்கரம் தேறியது. ஆடும் குண்டுக்குப் பழைய தொட்டில் குமிழ். பாரக்கல்லுக்கு மணல் நிரப்பிய டப்பா. மணிக்கு என்ன செய்வது என்று வீடெல்லாம் தேடி, செவந்தி காபி குடிக்கும் பித்தளை டம்ளரைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். அதுதான் சரியாக இருந்தது.

கொட்டகையில் சக்கரங்களைச் சட்டத்தில் பூட்டியபோது, கோபுரத்தில் வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டி, சட்டத்துக்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். முகம் வரும் பக்கம் அவரைப் பார்த்திருந்தது. வலம் என்று எழுதியிருந்ததைப் படித்துக் கயிற்றைத் தன் வலக்கைப் பக்கம் இறக்கினார். டப்பாவை விட்டதும் சக்கரங்கள் ஒன்றையொன்று தொட்டு நகர்ந்தன. டொக், டொக் என்று மரம் நடக்கிற சத்தம் தெருவரை கேட்டது.

அந்தச் சத்தம் ராசுவின் வீட்டுக்கும் போயிருக்க வேண்டும். மறுநாள் தூக்குவாளியோடு வந்த ராசு, கொட்டகையில் என்ன சத்தம் என்று அக்கா கேட்டதாகச் சொன்னான். குதிரை என்று சொல் என்றார் உடையப்பன்.

"குதிரை இவ்வளவு ஒழுங்கா நடக்குமா மச்சான்?"

"சாமி குதிரை மாப்ள. கண்ட எடத்துல ஓடாது."

மாதிரிக்கு முகம் வைத்தார், எண்களைக் கீறினார். ரெண்டு முள்ளையும் செதுக்கினார். ஆனால் மாட்டவில்லை. வாகனத்துக்குக் கண் திறப்பது எப்போதும் கோவிலில்தான். பட்டறையில் கண் திறந்த குதிரையைச் சாமி ஏற்காது. கடிகாரத்துக்குக் கண் என்றால் அது முள்தானே. அதனால் ரெண்டு முள்ளையும் துண்டில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாதிரியை மஞ்சள் துணியால் மூடிவிட்டார். முள் இல்லாத கடிகாரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எந்தப் பிரம்மாவுக்கும் தெரியாது.

திருவிழா அன்று காலைப் பூசை ஐந்து மணிக்கு. ஊர் முழுக்க வந்திருந்தது. பந்தலின் ஓரத்தில் செவந்தியும் வந்து நின்றாள். மழையுமில்லை வெயிலுமில்லை, ஆனாலும் குடை பிடித்திருந்தாள். உடையப்பன் எந்தப் பக்கம் நகர்ந்தாரோ அந்தப் பக்கம் குடை சாய்ந்தது. பூசை முடிந்ததும் அவரும் ராசுவும் மாதிரியைத் தூக்கிக்கொண்டு வந்து சுரூபத்துக்கு முன்னால் இறக்கினார்கள். துணியை எடுத்ததும் பலாவின் வாசனை பந்தலுக்குள் பரவியது. குடை ஒரு முறை ஆடியது. மாதிரியின் உச்சியில் கவிழ்ந்திருந்த டம்ளர் விளக்கு வெளிச்சத்தில் மின்னியபோது குடை கொஞ்சம் மேலே தூக்கப்பட்டு, உடனே இறங்கியது.

உடையப்பன் துண்டை அவிழ்த்து முள்ளை எடுத்தார். கோபுரத்துக் கடிகாரம் நின்ற இடத்தில், நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்படி, ரெண்டையும் மாட்டினார். கண்ணை மூடி மாதாவைக் கும்பிட்டு, மாரியம்மனையும் மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டு, டப்பாவை விட்டார். டொக், டொக் என்று நடந்தது. ஊர் எட்டிப் பார்த்தது. பெரிய முள் பத்தை விட்டு நகர்ந்தது. நகர்ந்து ஒன்பதுக்குப் போயிற்று. பிறகு எட்டுக்கு.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். எழிலரசன் சாமியார் மெல்லப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அண்ணே, பின்னால போகுது."

உடையப்பனுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. கோபுரத்தில் கடிகாரத்தின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த வலத்தை, இங்கே அதன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து பூட்டியிருக்கிறார். இத்தனை காலம் சாமி ஆசனத்திலிருந்து இறங்காமல் வேலை செய்தவர் ஒரே ஒரு முறை இறங்கிவிட்டார். கயிற்றை மாற்றிப் போட ஒரு மணி நேரம் போதும். ஆனால் நேர்ந்ததைச் சாமி முன்னால் வைத்த பிறகு எடுத்துத் திருத்துவதில்லை. வைத்தது வைத்ததுதான். குடைப் பக்கம் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. நாளைக்குக் கடிகாரத்தை இறக்கிவிடுவார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது மேலே கோபுரத்தில் ஏதோ முனகியது. புறாக்கள் ஒரே கூட்டமாகக் கிளம்பின. எல்லாரும் பந்தலை விட்டு வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்கள். ஆனி மாதத்திலிருந்து அசையாமல் நின்ற பெரிய முள் நடுங்கியது. நடுங்கி, பத்தை விட்டுக் கிளம்பி, ஒன்பதைப் பார்த்துப் போனது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பதுதான் ஊரின் தீர்மானம். கண்ணைக் கொடுத்தால் கண் கிடைக்கிறது. பின்னால் ஓடுகிற கடிகாரத்தைக் கொடுத்தால் பின்னால் ஓடுகிற கடிகாரம்தான் கிடைக்கும், மாதா என்ன செய்வாள். கோவில்பிள்ளை ஞானமணி பூசை மணி அடிக்க மேலே போனவர் அன்றைக்குப் பகல் முழுக்கக் கீழே இறங்கவில்லை என்பதையும், ராசு ரெண்டு முறை சோற்றுப் பொட்டலத்தோடு படியேறியதையும் சிலர் இதோடு சேர்த்துப் பேசினார்கள். முன்னுக்கு நகராத சக்கரம் பின்னுக்கு நகராதா என்று கேட்டார்கள். சுகர்காரர், மூன்றாவது அடிக்கே மூச்சு வாங்குகிறவர், அவரால் அதெல்லாம் ஆகுமா. அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

அன்றைய பகல் நெடுங்குளப்பட்டியில் விசேஷமான பகல். முதலில் கர்ரென்று கனைத்து மூன்று அடித்தது. பிறகு ரெண்டு அடித்தது. ஒன்று அடித்ததும் பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு அடித்தபோது, இப்போதுதான் சாப்பாட்டு நேரம் என்று சாப்பிட்டவர்களே மறுபடியும் உட்கார்ந்தார்கள். மினிபஸ் டிரைவர் முத்துராஜ், ஊர் மணிப்படி தான் காலையில் கிளம்பிய டிரிப்புக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டதைப் பார்த்துக் குழம்பி, கம்மாய்க்கரை வரைக்கும் ரிவர்ஸிலேயே போய்ப் பார்த்தார். பதினொரு மணிக்குக் கோபுரமும் செல்போன்களும் ஒரு கணம் ஒன்றாக இருந்தன. எதிரெதிரே போகிற ரெண்டு பேர் வரப்பில் சந்தித்து ஒதுங்கிக்கொள்வதுபோல ஒதுங்கி, அதது அதன் வழியில் போயிற்று. கட்டுமாவடி மீன்காரரின் கூடையில் மீன் நேரம் ஆக ஆகப் புதிதாகிக்கொண்டே வந்தது. சாயங்காலம் ஒரு கெளுத்தி துள்ளிச் சாக்கடையில் இறங்கிவிட்டதாக அவரே சத்தியம் செய்தார்.

கோபுரத்தில் முள் பன்னிரண்டைத் தாண்டிப் பின்னால் போனபோது, உடையப்பன் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அந்தப் பன்னிரண்டு அடியையும் தலை குனிந்து கேட்டார். ஒவ்வொரு அடிக்கும் ரம்பம் பிடித்த கை கொஞ்சம் லேசானது மாதிரி இருந்தது. பந்தலின் அந்தப் பக்கம் செவந்தியின் குடை கோபுரத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அவளும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று ராசு பிறகு சொன்னான்.

பதினொன்றுக்குப் பிறகு பத்து அடித்தது, ஒன்பது அடித்தது. மத்தியானம் எட்டும் ஏழும் அடித்தன. ஆறு அடித்தபோது உடையப்பன் எழுந்து வீட்டுக்குப் போனார். முற்றத்தைப் பெருக்கினார். தண்ணீர் தெளித்தார். சட்டையை மாற்றிக்கொண்டு, மாற்றியது நன்றாக இல்லையென்று பழையதையே போட்டுக்கொண்டார். ஐந்து அடித்தது. முள் நாலை நெருங்கியதும் பாலை அடுப்பில் வைத்தார். இந்த முறை பக்கத்திலேயே நின்றார்.

பொழுது சாய்ந்து, தென்னை உச்சியில் மட்டும் வெயில் மிச்சமிருந்த நேரத்தில், கோபுரம் தொண்டையைக் கனைத்தது. இதுவரை கனைத்ததைவிடக் கொஞ்சம் நீளமாகக் கனைத்தது. பிறகு அடித்தது. ஒன்று. ரெண்டு. மூன்றாவது அடி விழுந்ததும் உடையப்பன் அடுப்பை மறந்துவிட்டு வாசலுக்கு வந்தார். நாலாவது அடி ஊரைச் சுற்றி வந்து அடங்க நேரம் பிடித்தது.

தெருமுனையில் குடை தெரிந்தது. அது மடங்கியது. செவந்தி கையில் பையோடு வந்தாள். வாசலுக்கு வந்ததும் நேராக அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"எளச்சிருக்கீங்க."

"உப்பில்லாம எவ்வளவு நாளைக்குத் தெம்பு வரும்?"

"பால் பொங்குது, போய்ப் பாருங்க."

அவர் ஓடிப்போய்ப் பாலை இறக்கிவிட்டு வருவதற்குள் அவள் கொல்லைக்குப் போயிருந்தாள். பலாமரத்தில் கிளை இருந்த இடத்தில் சாணி பூசி, துணி சுற்றி, அதன் மேல் கயிறு கட்டியிருந்தது. வெட்டிய அன்றைக்கே பூசியது. பிறகும் ரெண்டு மூன்று முறை பூசியிருக்கிறார், பார்த்தாலே தெரிந்தது. செவந்தி அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். உடையப்பன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். ஆனியிலிருந்து மனதுக்குள் சேர்த்துவைத்த பேச்சு முழுவதும் தொண்டைக்கு வந்து, கோபுரத்துக் கடிகாரம் மாதிரி ஒரு கனைப்பாக மட்டும் வெளியே வந்தது.

"அந்தக் கெளைய நான் ஒன்னயக் கேக்காம..."

"எந்தக் கெளை?" என்றாள் செவந்தி.

அவர் மரத்தைக் காட்டினார். அவள் மரத்தைப் பார்க்கவில்லை, கோபுரத்தைக் காட்டினாள்.

"ஊர் மணி இப்ப விடியக்காலம் நாலு. நீங்க வெட்டுனது உச்சிப் பொழுதுல. இன்னும் வெட்டவே இல்லயே, அதுக்குள்ள எதுக்குச் சண்டை?"

உடையப்பன் கோபுரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இவ்வளவு நாளாகத் தேடிய நியாயம் ஒன்று கையில் வந்து விழுந்ததும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையை ஆட்டினார். பிறகு, வெட்டவும் மாட்டேன் என்றார்.

"அதையும் பாப்போம்," என்று அவள் உள்ளே போனாள். காபி கலக்கக் கையை நீட்டியவள் டம்ளரைத் தேடினாள். அது மாதா கோவிலில் இருப்பது ஞாபகம் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருடைய லோட்டாவிலேயே ஊற்றிக்கொண்டாள்.

கோபுரத்துக் கடிகாரம் நாலோடு நின்றது. அதன் பிறகு எந்தப் பக்கமும் அசையவில்லை. ஞானமணி மறுநாள் தோளில் தைலம் பூசிக்கொண்டு பூசைக்கு வந்தார், கேட்டவர்களிடம் வாயுப்பிடிப்பு என்றார். எழிலரசன் சாமியார் பழைய கடிகாரத்தை இறக்கவில்லை. ஒருவர் நேர்ந்துகொண்டு ஓடவைத்ததை எப்படி இறக்குவது என்று அவருக்கும் ஒரு தயக்கம். எலக்ட்ரிக் கடிகாரத்தைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் மாட்டினார். அது மணிக்கு மணி பாடுகிறது, யாரும் அதைக் கேட்டு உலை வைப்பதில்லை. கழுத்தில்லாமல் நின்ற குதிரைக்குப் புதுக்கோட்டை மரக்கடையில் வாங்கிய வேம்பில் கழுத்து வைத்தார் உடையப்பன். அது கொஞ்சம் அண்ணாந்துவிட்டது, மணி பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று கோவில்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

செவந்தி வந்த அன்றைக்கே முதல் வேலையாக ரம்பத்தைத் தேடியெடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்துவிட்டாள். அந்தக் கடிகாரத்தை நம்ப முடியாது, திடீரென்று இங்கிட்டுத் திரும்பி மத்தியானத்தைப் பார்த்துக் கிளம்பினாலும் கிளம்பும் என்பது அவள் எண்ணம். உடையப்பனுக்கு ரம்பம் வேண்டுமென்றால் அவளைத்தான் கேட்க வேண்டும். கேட்டால், ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து கோபுரத்தை அண்ணாந்து ஒரு பார்வை பார்ப்பாள். முள் நாலிலேயே இருக்கிறதென்று தெரிந்த பிறகுதான் டிரம்முக்குள் கையை விடுவாள்.